நீச்சல் துடுப்பும் கணுக்காலின் நலமும்

குழித்தறியும் கால்களின் உழைப்பும்

காஞ்சிபுரம் வட்டாரத்தில் பட்டு நெய்வோர், கால்களைத் தறிக்குழிக்குள் தொங்கவிட்டு மிதிகளை மாறி மாறி அழுத்தியவாறே நாளின் பெரும்பகுதியைக் கழிப்பதால், இடுப்புவலியும் முழங்கால் வலியும் அவர்களிடையே பரவலாகக் காணப்படுகின்றன. உடலின் எடையில் பெரும்பகுதியை நீரே தாங்கிக்கொள்வதால், மூட்டுகளை அழுத்தாமல் கால் தசைகளை இயக்குவதற்கு நீச்சல் மிகவும் ஏற்ற பயிற்சியாகும். ஆயினும் கிணற்றிலும் ஏரியிலும் தாமாகவே நீந்தப் பழகியோர் பலர் கைவீச்சையே முழுதும் நம்பி, கால்களைப் பின்னால் இழுபடும் சுமையாக விட்டுவிடுகின்றனர். இக்குறையைத் திருத்தப் பயிற்சியாளர்கள் கையாளும் கருவிகளுள் ஒன்றுதான் காலில் அணியும் நீச்சல் துடுப்பு. நீச்சல் குளங்களில் இது ஃபின்ஸ் என வழங்கப்படுகிறது.

உதை பிறக்கும் இடம்

ஃப்ரீஸ்டைல் நீச்சலில் கால்கள் மேலும் கீழுமாக மாறி மாறி உதைக்கும்போது, அவ்வியக்கம் இடுப்பு மூட்டில் தொடங்கித் தொடை வழியாக இறங்கி, சிறிதளவே மடங்கும் முழங்காலைக் கடந்து, தளர்ந்து நீண்ட பாதத்தில் முடிய வேண்டும். குதிரைச்சதை சுருங்கிப் பாதநுனி பின்னோக்கி நீளும் நிலையில்தான் புறங்கால் நீரைப் பின்னுக்குத் தள்ள இயலும். கணுக்கால் இறுகிப் பாதநுனி குளத்தின் அடித்தரையை நோக்கி நிற்குமானால், உதைக்கும் ஆற்றல் நீரைக் கீழே அழுத்துவதிலும் முன்னால் தள்ளுவதிலும் வீணாகிறது. உடல் வலிமை மிக்க ஓட்டக்காரர்கள்கூட மிதவைப் பலகையைப் பிடித்து உதைக்கும்போது இருந்த இடத்திலேயே நின்றுவிடுவதற்கு இதுவே காரணம். எனவே உதையின் குறைபாட்டைத் தசை வலிமையின் குறைபாடாகக் கருதி மேலும் மேலும் வேகமாக உதைக்கச் சொல்வது பயனற்றது. அவ்வாறு செய்வதால், உடலின் பெரிய தசைகளான தொடைத் தசைகள் ஆக்சிஜனை மிகுதியாகச் செலவிட்டு மூச்சிரைப்பையே தருகின்றன.

துடுப்பு புகட்டும் பாடம்

கால் துடுப்பைப் பற்றிய சிந்தனை பழமையானது. அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் தம் இளமையில் கைகளுக்கு மரத்தட்டுகளையும் கால்களுக்குச் செருப்பு போன்ற கருவிகளையும் செய்து நீந்திப் பார்த்தார். உள்ளங்காலால் மட்டுமன்றிப் பாதத்தின் உட்புறத்தாலும் கணுக்காலாலும் உதை நிகழ்வதை உணர்ந்ததால், கால் கருவி அவருக்கு நிறைவளிக்கவில்லை. உதையில் கணுக்காலுக்குள்ள பங்கை அத்துணை முன்னரே கண்டறிந்த அவரது கூர்மை வியப்பிற்குரியது. பாதத்தின் நீட்சியாகப் பின்னோக்கி அமையும் இன்றைய இரப்பர்த் துடுப்பிற்குப் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி லூயி தெ கொர்லியே 1933இல் காப்புரிமை பெற்றார்.

துடுப்பு அணிந்தவர் விரைந்து செல்வதன் காரணத்தை இயற்பியல் தெளிவாக விளக்குகிறது. சிறிதளவு நீரை மிக வேகமாகத் தள்ளினாலும், மிகுந்த நீரை மெதுவாகத் தள்ளினாலும் ஒரே அளவு உந்துவிசை கிடைக்கலாம். ஆனால் முதல் முறையில் நீரின் கலக்கத்திலேயே ஆற்றலின் பெரும்பகுதி கரைந்துபோகிறது. பரப்பு மிகுந்த துடுப்பு இரண்டாம் முறைக்கு வழி செய்கிறது. இத்தாலிய உடலியங்கியல் ஆய்வாளர் பாவ்லா சம்பாரோவும் குழுவினரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், கால் உதையால் மட்டும் ஒரே வேகத்தில் நீந்துவதற்கான ஆற்றல் செலவு துடுப்பு அணியும்போது சுமார் 40 விழுக்காடு குறைவது அறியப்பட்டது.

பயிற்சி நோக்கில் வேகத்தைவிடச் சிறந்த பயன் வேறொன்று உண்டு. துடுப்பின் மீது நீர் தரும் அழுத்தம் கணுக்காலை நீள வைப்பதோடு, நீர் எத்திசையில் தள்ளப்படுகிறது என்பதைப் பாதத்திற்கு உணர்த்துகிறது. பலரும் புறக்கணிக்கும் மேல்நோக்கிய உதையிலும் எதிர்ப்பு தோன்றுவதால் பிட்டத்தசையும் தொடையின் பின்தசையும் உழைக்கின்றன. முழங்காலை மிகையாக மடக்கும் பழக்கம் இருந்தால், கால் முன்னேற்றம் தராமல் தடுமாறுவதை நீந்துபவர் உடனே உணர்கிறார்.

கழற்றிய பின் நீந்துதல்

1954இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்த ஈழத்தமிழர் நவரத்தினசாமியும், 1994இல் தம் 12ஆம் வயதில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்த தமிழக வீரர் குற்றாலீசுவரனும் வெறுங்காலோடு நீந்தியவர்களே. நீச்சல் போட்டிகளின் விதிகளும் துடுப்பைத் தடை செய்கின்றன. துடுப்பணிந்து நீந்துவது தனி விளையாட்டாகவே நடத்தப்படுகிறது. ஆகவே துடுப்போடு எவ்வளவு விரைந்து நீந்த முடிகிறது என்பதைவிட, அது தந்த உணர்வு வெறுங்காலில் எவ்வளவு தங்குகிறது என்பதே முதன்மையானது. 25 மீட்டரோ 50 மீட்டரோ துடுப்புடன் உதைத்து, உடனே அதைக் கழற்றி அதே தொலைவை மெதுவாக உதைக்கும் முறை இதற்கு உகந்தது. பயிற்சி நேரம் முழுவதும் துடுப்பைக் கழற்றாதிருப்பவர், துடுப்பில்லாமல் நீந்தும்போது பழைய குறைகளுக்கே திரும்புகிறார்.

பயிற்சிக்குக் குட்டைத் துடுப்பே ஏற்றது. அது உதையின் இயல்பான தாளத்தை அதிகம் குலைப்பதில்லை. நீண்ட துடுப்பு உதையை மந்தமாக்கிக் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் சுமையைக் கூட்டுகிறது. கால்களைப் பக்கவாட்டில் விரித்து உதைக்கும் பிரெஸ்ட் ஸ்ட்ரோக் வகைக்கு வழக்கமான துடுப்பு பொருந்துவதில்லை.

கவனிக்க வேண்டியவை

நாள் முழுதும் மிதியை அழுத்திய நெசவாளரின் குதிரைச்சதை முன்னரே களைத்திருக்கும் என்பதால், வேலை முடிந்தவுடன் துடுப்பணிந்து கடுமையாக உதைத்தால் தசைப்பிடிப்பு ஏற்பட வாய்ப்பு மிகுதி. தொடக்கத்தில் சில நிமிடங்களே போதுமானவை. பிடிப்பு ஏற்பட்டால் குளத்தின் விளிம்பைப் பற்றிக்கொண்டு, துடுப்பைக் கழற்றி, பாதநுனியை முழங்காலை நோக்கி மெல்ல இழுக்க வேண்டும். கணுக்கால் சுளுக்கு, குதிகால் வீக்கம், முழங்கால் தேய்மானம் உடையோர் மருத்துவரையோ இயன்முறை மருத்துவரையோ கலந்த பின்னரே இதைத் தொடங்கலாம். நீரிழிவால் பாத உணர்வு குறைந்தவர்கள் இறுக்கமான துடுப்பு உண்டாக்கும் புண்ணை அறியாமலே விட்டுவிடக்கூடும். அவர்கள் ஒவ்வொரு முறையும் பாதத்தைச் சோதித்துப் பார்த்தல் இன்றியமையாதது.

துடுப்பு மிதவைக் கருவி அன்று. அது கழன்றுவிட்டால், அதை நம்பி ஆழத்திற்குச் சென்றவருக்குக் கரை திரும்பும் வழி இல்லை. மணல் அள்ளிய பள்ளங்கள் உள்ள ஆற்றிலும், ஆழம் தெரியாத ஏரியிலும், நீந்தத் தெரியாத சிறுவர்களுக்கு இதை அணிவித்து இறக்குவது உயிருக்கே ஆபத்தானது. பயிற்சியாளரும் உயிர்காப்பாளரும் இருக்கும் குளத்திலேயே இப்பயிற்சி நடைபெற வேண்டும்.