நூறு அறைக்கு ஒரே வாசல்

2020 மே மாதம். எடின்பரோவில் இருந்த பிரிட்டனின் தேசிய சூப்பர் கம்ப்யூட்டர் ஆர்ச்சர், பயனர்கள் அனைவரையும் வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தியது. அதே வாரத்தில் ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் சில கணிப்பு மையங்கள் மூடப்பட்டன. எங்கோ பல்கலைக்கழகங்களில் களவுபோன, தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் கணக்குகளைக் கொண்டு, சொந்த வீட்டுக்குள் நுழைவதுபோல பயனர்கள் நுழையும் வாசலான லாகின் நோடு வழியாகத் திருடர்கள் வந்திருந்தார்கள். ஒரு தாக்குதலில் அவர்கள் ஓட்டியது மொனேரோ என்னும் கிரிப்டோ நாணயத்தைத் தோண்டும் நிரல்.

இவ்வளவு பெரிய இயந்திரத்தின் உள்ளே காவல் இல்லையா? பெரும்பாலும் இல்லை, வேண்டுமென்றே வைப்பதில்லை. வானிலைக் கணக்கு ஒன்றை நூறு நோடுகளுக்கு, அதாவது உள்ளிருக்கும் தனித்தனிக் கணினிகளுக்கு, பிரித்துக் கொடுத்தால், ஒவ்வொரு படியிலும் அவை எல்லையோர எண்களை அண்டை நோடுகளோடு மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்கான அவகாசம் மைக்ரோ நொடிகளில். ஒவ்வொரு செய்தியையும் ஃபயர்வால் நிறுத்தி விசாரித்தால் கணக்கு நகராது. அமேசான் மேகக்கணியின் இஎஃப்ஏ வலையமைப்பு, ஒரே பாதுகாப்புக் குழுவில் உள்ள நோடுகளுக்கிடையே எல்லாப் போக்குவரத்தையும் திறந்துவிடச் சொல்கிறது. ஆக, அறைகளுக்குக் கதவில்லாத வீடு. காவல் முழுக்க வாசலில்தான்.

உள்ளே இருக்கும் அடையாளச் சீட்டு பெரும்பாலும் மஞ்ச் என்ற சிறு மென்பொருள் தருவது. வேலைகளைப் பங்கிடும் ஸ்லர்ம் அதை நம்பித்தான் 'இவர் இன்னார்' என்று ஏற்கிறது. எல்லா நோடுகளிலும் ஒரே ரகசியச் சாவி. சீட்டின் ஆயுள் வழக்கமாக 5 நிமிடம். ஒரு நோடின் கடிகாரம் அதற்கு மேல் பிசகினால் நல்ல வேலையும் திருப்பி அனுப்பப்படும். (காரணம் தெரியாமல் தலையைப் பிய்த்துக்கொள்ளும் நிர்வாகி முதலில் பார்க்க வேண்டியது மணியை.) அந்தச் சாவி கசிந்தாலோ, யாரும் யாராகவும் வேடம் போடலாம்.

மேகக்கணியில் கணிப்பு நோடுகளுக்கு வழக்கமாக வெளியுலக முகவரியே தருவதில்லை. தனி வலையமைப்புக்குள் ஒளித்துவைப்பார்கள். லாகின் நோடில் எஸ்எஸ்ஹெச்சுக்கான 22ஆம் போர்ட் மட்டும், குறிப்பிட்ட முகவரிகளுக்கு மட்டும் திறந்திருக்கும். ஸ்லர்மின் 6817, 6818 போர்ட்டுகள் இணையத்தின் கண்ணிலேயே படக்கூடாது. நிர்வகிக்கப்படும் சேவை என்று பணம் கட்டினாலும், 22ஐ உலகத்துக்கே திறந்துவைத்தால் அந்தப் பிழை வாடிக்கையாளருடையது. மையத்தின் சொந்த இயந்திரத்தில் திருடன் தின்பது மின்சாரமும் நேரமும். மேகக்கணியில் வேலை குவியக் குவியப் புதிய நோடுகள் தாமே முளைக்கும். பில் வாடிக்கையாளர் தலையில் விழும்.

ஆர்ச்சர் மறுபடி திறந்தபோது எஸ்எஸ்ஹெச் சாவி மட்டும் போதவில்லை. கூடவே கடவுச்சொல்லும் கேட்டது.