களப்பின் மேல் ஓர் இறங்குதளம்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வாழ்வோர் "பாதை" என்னுஞ் சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டென்பதை அறிவர். குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையே ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றி நீரைக் கடந்த மிதவைக்கு அப்பகுதியார் இட்ட பெயர் அது. மிதவைகளை அகல நிறுத்தி, அவற்றின் மேற் பலகை பரப்பிப் பிணைத்த அவ்வமைப்பு, பார்வைக்கு எளியது. ஆயினும் அதனுள் அடங்கிய கணக்கு எளியதன்று. 2021ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள், கிண்ணியாவைச் சார்ந்த குறிஞ்சாக்கேணியில் அத்தகைய மிதவையொன்று கவிழ்ந்தது. பாடசாலை சென்ற சிறுவர் உட்படப் பலர் உயிரிழந்தனர். மிதக்கும் பொருளைக் குறித்து எவரும் முதலில் எழுப்பும் வினா "இது மூழ்குமா?" என்பதாம். கேட்கவேண்டிய வினாவோ "இது சரியுமா?" என்பதே. மாணாக்கர் ஆளில் வானூர்திக்கென நீர்மேல் ஓர் இறங்குதளம் அமைக்கப் புகின், அவர்தம் வேலை முழுவதும் இவ்விரண்டாம் வினாவைச் சுற்றியே சுழலும்.

ஆளில் வானூர்தியை மக்கள் ட்ரோன் என்றே வழங்குவர். அதன் விலையையும் வேகத்தையும் படப்பெட்டியின் நுட்பத்தையும் விளம்பரங்கள் விரித்துரைக்கும். அது எங்கே இறங்கும் என்பதைப் பற்றி அவை வாய் திறவா. கோமாரி போன்ற ஊரில் இவ்வினா வீண் வினாவன்று. திருக்கோவிலுக்கும் பொத்துவிலுக்கும் இடையே, கிழக்கே வங்கக் கடலும் அயலே களப்புமாக அமைந்த ஊர் அது. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரை நெடுகிலும் புகுந்து அழித்தது. ஆண்டுதோறும் வாடைக் காலத்து மழையில் வயலும் வீதியும் ஒன்றாய் நீரில் ஆழ்தலும் உண்டு. 2024ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள், இதே மாவட்டத்துக் காரைதீவுப் பகுதியில், மாணவரை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு உயிர்கள் பல மாண்டன. மருந்துப் பொதியோ கயிற்று முனையோ கொண்டு வானூர்தி செல்லவேண்டிய வேளை இத்தகைய வேளையே. அவ்வேளையில் அது கால் ஊன்ற உலர்ந்த தரை எஞ்சியிராது. கூரையின் மேல் இறக்கலாமெனின் ஓடும் சரிவும் இடையூறு, மரக்கிளையோ சொல்லவேண்டியதில்லை. தோணியின் பின்னே கட்டி இழுத்துச் செல்லத்தக்க ஒரு தளம் இருப்பின் இவ்விடர் பெரிதும் நீங்கும்.

இனிக் கணக்கிற்கு வருவோம். இரண்டு கிலோகிராம் எடையுள்ள வானூர்திக்கு இரண்டு மீற்றர் நீளமும் அதேயளவு அகலமுங் கொண்ட தளம் எனக் கொள்க. வீட்டு வடிகாலுக்குப் பயன்படும் 160 மில்லிமீற்றர் பி.வி.சி. குழாயில் இரண்டு மீற்றர்த் துண்டுகள் இரண்டை எடுத்து, இருமுனையும் மூடினால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 40 இலீற்றர் நீரை விலக்கவல்லது. சட்டம், பலகை, கயிறு யாவுஞ் சேர்ந்து 30 கிலோகிராம் ஆயின், ஆர்க்கிமிடீசின் விதிப்படி 30 இலீற்றர் நீர் விலகினாற் போதும். குழாய்களின் கொள்ளளவில் பாதியும் நீருள் அமிழாது. மிதத்தல் இவ்வளவில் முடிந்தது. பலர் இவ்விடத்தே வேலை முடிந்ததென எண்ணிக் குழாய்களை நெருக்கிக் கட்டிவிடுவர். தவறு இங்கேதான் தொடங்குகிறது.

நீர்மட்டத்தில் ஒரு குழாயின் அகலம் ஏறத்தாழ 15 சதமமீற்றர். நீளம் இரண்டு மீற்றர். எனவே ஒரு குழாய் ஒரு சதமமீற்றர் மேலும் அமிழ வேண்டுமாயின் அதன் மேல் மூன்று கிலோகிராம் ஏறவேண்டும். குழாய்களுக்கிடையே 160 சதமமீற்றர் இடைவெளி விட்டு, வானூர்தி நடுவில் இறங்காமல் தவறி ஒரு குழாயின் நேர்மேலே இறங்கியதெனக் கொள்க. அக்குழாய் முக்காற் சதமமீற்றருக்குங் குறைவாகவே தாழும். தளத்தின் சரிவு கால் பாகை அளவே. அவ்விரு குழாய்களையே 50 சதமமீற்றர் இடைவெளியில் நெருக்கி வைத்து, நடுவிலிருந்து அதே தூரத்தில் அதே பாரம் வீழ்ந்தால், சரிவு ஏறத்தாழ இரண்டரைப் பாகையாகும். இடைவெளி மூன்று மடங்கிற்குச் சற்று மேலாகக் குறைந்தது. சரிவோ பத்து மடங்காகக் கூடியது. காரணம் தெளிவு. இடைவெளி குறைந்தால் மேலுதைப்பு தளத்தை நிமிர்த்தும் திருப்பத்தின் கை குறுகுகிறது; அதே வேளையில் ஒரே அளவு தாழ்வும் உயர்வும் கூடிய கோணத்தை உண்டாக்குகின்றன. இரண்டும் ஒன்றையொன்று பெருக்குவதால் இடைவெளியின் வர்க்கமே கணக்கில் நிற்கிறது. பாதையைக் கட்டிய தச்சர் வர்க்கமென்னுஞ் சொல்லை அறிந்திலர் எனினும், மிதவைகளை அகல நிறுத்தும் அறிவு அவர்க்கு இருந்தது.

இவ்வாறு உறுதியாக்கிய தளம் பாரத்துக்கு அசையாது. அலைக்கோ உடனே அசையும். நீர்மட்டத்தோடு இறுகப் பிணைந்த தளம், நீர்மட்டம் சரிந்தால் தானுஞ் சரியும். ஆகவே அலையின் இயல்பை அறியாமல் தளத்தின் அளவைத் தீர்மானித்தல் ஆகாது. ஆழமான நீரில் அலையின் நீளம், அதன் காலத்தின் வர்க்கத்தை 1.56ஆற் பெருக்க வருவது. இது மீற்றரிற் பெறும் அளவு. ஒரு செக்கன் காலமுள்ள சிற்றலையின் நீளம் ஒன்றரை மீற்றர். இரண்டு செக்கன் அலைக்கு ஆறு மீற்றர். கடலிற் பத்துச் செக்கனுக்கொருமுறை வரும் பெருந்திரைக்கு 156 மீற்றர். ஆழங் குறைந்த களப்பில் இந்நீளங்கள் சற்றுக் குறையலாம்.

பெருந்திரையைக் கண்டு அஞ்சுவோர் சிற்றலையைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் ஒரு மீற்றர் உயரமுள்ள அப்பெருந்திரையின் மிகச் செங்குத்தான இடத்தும் சரிவு ஒரு பாகைக்குச் சற்று மேல். தளம் மெல்ல ஏறி மெல்ல இறங்குமே யன்றிச் சாயாது. ஒன்றரை மீற்றர்ச் சிற்றலையோ இரண்டு மீற்றர்த் தளத்தின் அடியில் மேடும் பள்ளமுமாய் ஒருங்கே நிற்பதால், தளம் இரண்டையும் சராசரியாக்கிப் பெரும்பாலும் மட்டமாய்க் கிடக்கும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட ஆறு மீற்றர் அலையே பகை. முப்பது சதமமீற்றர் உயரமே உடைய அவ்வலையின் சரிவு ஒன்பது பாகையை அணுகும். வானூர்தியின் ஒரு கால் முதலிற் பட்டு மறுகால் வானில் நிற்க, தன்னை மட்டப்படுத்த முயலும் இயந்திரம் அந்த ஒரு காலையே சுழலச்சாய்க் கொண்டு புரளும் அபாயம் அப்போதுதான் நேர்கிறது. சரிவை ஐந்து பாகைக்குள் அடக்குவதே நோக்கமாயின், களப்பின் காற்றொதுங்கிய கரையும் காலை வேளையுமே பொருத்தமானவை. கச்சான் உரத்து வீசும் பிற்பகலில் அதே களப்பு வேறு களப்பாகிவிடும்.

நீர்மேல் இறங்கியோர் வரலாறும் இதனையே காட்டுகிறது. 1911ஆம் ஆண்டு சனவரி 18ஆம் நாள் யூஜின் ஈலி என்பார், சான் பிரான்சிஸ்கோ குடாவில் நங்கூரமிட்டு நின்ற பென்சில்வேனியா என்னும் போர்க்கப்பலின் மேல் அமைத்த மரத்தளத்தில் விமானத்தை இறக்கினார். மணல்மூட்டைகளிற் கட்டிய கயிறுகள் விமானத்தின் கொக்கிகளிற் சிக்கி அதனை நிறுத்தின. ஓடும் கப்பலில் முதன்முதல் இறங்கியவர் எட்வின் டன்னிங்; அது 1917ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் நிகழ்ந்தது. ஐந்து நாள் கழித்து மீண்டும் முயன்றபோது விமானம் கடலில் வீழ்ந்து அவர் இறந்தார். ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 9 ஏவுகணை 2016 சனவரி 17ஆம் நாள் கடல்மேல் மிதந்த தளத்தில் வந்து நின்றது. நின்றபின் ஒரு கால் பூட்டாமையால் சாய்ந்து வெடித்தது. அதே ஆண்டு ஏப்ரில் 8ஆம் நாளே அந்நிறுவனம் மிதக்குந் தளத்தில் முதல் வெற்றி கண்டது. தொடுதல் ஒன்று, தொட்டபின் நிற்றல் வேறொன்று என்பதை இந்நிகழ்ச்சிகள் போல விளக்குவன சில.

ஆதலின் தளத்தின் மேற்பரப்பிலும் கருத்துச் செலுத்தவேண்டும். வழுவழுப்பான பலகை நனைந்தால் வானூர்தியின் கால்கள் வழுக்கும். தென்னந்தும்பு விரிப்பை இறுக ஆணியறைந்து பொருத்தின் ஈரத்திலும் பிடிப்பு இருக்கும், விலையும் அற்பம். மீன்வலையை விரித்தலைச் சிலர் விரும்பலாம். காலிற் சிக்கி மீண்டும் எழும்போது வானூர்தியைக் கவிழ்க்கும் அது. பலகையில் இடையிடையே துளையிட்டால் சுழல்விசிறிகள் கீழ்த் தள்ளும் காற்று அவ்வழியே வெளியேறும். இல்லையெனில் அக்காற்று தளத்திற்கும் வானூர்திக்கும் இடையே மெத்தைபோலத் திரண்டு, இறுதி ஒரு சாண் தூரத்தில் அதனை மிதக்கவிட்டு அலைக்கழிக்கும். குழாய்களின் உள்ளே றெஜிபோம் துண்டுகளை அடைத்து விடுதல் நன்று. குழாய் வெடித்தாலும் நீர் புகுவதற்கு இடமிராது.

தளத்தைக் கண்டுபிடிப்பது இன்னொரு சிக்கல். செய்மதி வழிகாட்டி சாதாரண நிலையில் சில மீற்றர் பிழைபடும். தளத்தின் அகலமோ இரண்டு மீற்றர். எனவே செய்மதியை நம்பி அருகே வந்து, பின்னர்த் தளத்தின் நடுவே தீட்டிய கறுப்பு வெள்ளைச் சதுரக் குறியைப் படப்பெட்டியாற் கண்டு இறங்கவேண்டும். குறிக்குப் பளபளக்கும் வண்ணம் பூசினால் கோமாரியின் காலை வெயிலில் அது வெள்ளித் தகடாய் மின்னி மறையும். மங்கிய வண்ணமே ஏற்றது. தரையின் கோலத்தை நோக்கி இடத்தை நிலைநிறுத்தும் கருவியும் நீரின்மேல் ஏமாறும். அலை நகர, தான் நகர்வதாக எண்ணி அது வானூர்தியை அலையோடு கொண்டுசெல்லும். உயரத்தைக் காற்றழுத்தத்தால் அளப்பதினும், தளத்தையே நோக்கி ஒளியோ ஒலியோ செலுத்தி அளத்தல் நம்பத்தக்கது. ஏறி இறங்கும் தளத்தின் உயரத்தைக் காற்றழுத்தம் அறியாது.

நங்கூரம் ஒன்றே போதும். நீரின் ஆழத்தினும் மூன்று நான்கு மடங்கு நீளமான கயிற்றில் ஒரு முனையைக் கட்டின் தளம் காற்றுக்கேற்பத் திரும்பி நிற்கும். வானூர்தியும் காற்றை எதிர்நோக்கியே இறங்குவதால் இரண்டும் ஒத்துப்போகும். நான்கு மூலைகளையும் இறுகக் கட்டினால் அலை வரும்போது ஒரு மூலை மேலெழ இயலாமல் தளம் திருகும்.

இலங்கையிற் பறப்பதற்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகள் உள்ளன. அவற்றின்படி அனுமதி பெற்ற பின்னரே வானில் எழுப்புதல் முறை. அதற்கு முன் செய்யத்தக்கது நிறைய உண்டு. வானூர்தியின் எடையளவான மணற்பையைக் கயிற்றிற் கட்டித் தளத்தின் நடுவிலும் ஓரத்திலும் மூலையிலும் மாறிமாறி இறக்கி, நீர்மட்டக் குழாயால் ஒவ்வொரு முறையுஞ் சரிவை அளந்து குறித்தல் வேண்டும். பின்னர்த் தோணியொன்றை அருகே ஓட்டி அலை எழுப்பி அதே சோதனையை மீண்டுஞ் செய்தல் வேண்டும். உவர்நீரில் வீழ்ந்த இலிதியம் மின்கலம் உடனே தீப்பற்றாவிடினும் பின்னர்ப் பற்றலாம் என்பதால், முதன்முறை வானூர்தி இறங்கும் நாளில் மணல் நிரப்பிய வாளியொன்று கரையில் ஆயத்தமாய் இருத்தலும், நீந்தத் தெரிந்த கடற்றொழிலாளர் ஒருவர் தோணியில் இருத்தலும் தவிர்க்கலாகாதவை.