ஒத்த துணிக்கைகளின் நெருக்கம்

ஒளியின் வேகத்தை அண்மித்து எதிரெதிரே வரும் இரு புரோத்தன்கள் மோதும்போது பிறக்கும் துணிக்கைகள் ஒன்றோடொன்று தொடர்பற்றுச் சிதறுவதில்லை. அத்தொடர்பை அளந்தால், எந்த நுணுக்குக்காட்டிக்கும் எட்டாத அவற்றின் பிறப்பிடத்தின் பருமனையே அறிந்துகொள்ளலாம். இவ்வாறு பிறப்பவற்றுள் ஒன்று பையோன்; புரோத்தன், நியூத்திரன் போல அதுவும் குவார்க்குகளால் ஆனது.

பிறப்பிடத்தை இவ்வாறு அளக்கும் முறையின் வேர் தெற்காசியாவில் உள்ளது. 1924இல் டாக்கா பல்கலைக்கழகத்தில் கற்பித்துவந்த சத்தியேந்திரநாத் போஸ், ஒளித்துணிக்கைகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய இயலாதவையாகக் கொண்டு எண்ணினால் பிளாங்கின் கதிர்ப்பு விதி தானே கிடைக்கும் எனக் காட்டிய கட்டுரையை ஐன்ஸ்டைனுக்கு அனுப்ப, அவர் அதனைத் தாமே ஜேர்மன் மொழிக்குப் பெயர்த்து வெளியிடச் செய்தார். இவ்வாறு எண்ணப்பட வேண்டிய துணிக்கைகள் போசன்கள் எனப் பெயர்பெற்றன. ஒரே வகைப் போசன்கள் ஒரே நிலையில் சேரும் நாட்டம் உடையவை. எண்ணும் முறையில் செய்த ஒரு திருத்தம் இத்தனை தூரம் சென்றது அறிவியல் வரலாற்றில் அரிது.

கலிபோர்னியாவின் பெர்க்லியில், எதிர்ப்புரோத்தன்கள் புரோத்தன்களுடன் மோதி அழியும்போது தோன்றிய பையோன்களை ஆராய்ந்தவர்கள், ஒரே ஏற்றமுடைய சோடிகளுக்கு இடைப்பட்ட கோணம் எதிரேற்றச் சோடிகளுடையதைவிடச் சராசரியாகச் சிறிதாயிருக்கக் கண்டனர். பையோனும் ஒரு போசனே என்பதால் இது நேர்கிறது என 1960இல் கோல்ட்ஹேபர் தம்பதியர், லீ, பைஸ் ஆகிய நால்வரும் விளக்கினர்.

இன்று இவ்வளவீடு செய்யப்படும் விதம் எளிமையும் நுட்பமும் ஒருங்கே அமைந்தது. ஒரே மோதலில் பிறந்த பையோன் சோடிகளை அவற்றின் உந்த வேறுபாட்டின்படி வரிசைப்படுத்தி எண்ணுகின்றனர். பின்னர், ஒரு மோதலின் பையோனை வேறொரு மோதலின் பையோனுடன் கணிப்பொறியில் சேர்த்து, ஒன்றையொன்று ஒருபோதும் சந்தித்திராத சோடிகளை உருவாக்கி அவற்றையும் எண்ணுகின்றனர். முதல் எண்ணிக்கையை இரண்டாவதால் வகுத்து வரையும் வரைபில், உந்த வேறுபாடு மிகச் சிறிதாயுள்ள இடத்தில் ஒரு மேடு எழுகிறது. மேடு அகன்றிருந்தால் பிறப்பிடம் சிறியது, ஒடுங்கியிருந்தால் பெரியது. புரோத்தன் மோதல்களில் பிறப்பிடத்தின் பருமன் ஏறத்தாழ 1 பெம்டோமீற்றர், அதாவது ஒரு மில்லிமீற்றரை ஓர் இலட்சம் கோடியாகப் பகுத்தால் கிடைக்கும் ஒரு பங்கு.

தொடர்புகள் சோடிகளோடு நின்றுவிடுவதில்லை. ஈயக் கருக்கள் விலகி மோதும்போது அவை ஒன்றன்மேல் ஒன்று கவியும் பகுதி வாதுமைப் பருப்பின் வடிவில் அமைய, அதன் குறுகிய திசையில் அமுக்கம் விரைந்து குறைவதால் துணிக்கைகள் அத்திசையிலேயே மிகுதியாக வெளிப்படுகின்றன. செட்டிகுளம் போன்ற வன்னி ஊர்களில் குளத்துத் துருசைத் திறந்ததும் நீர் திரண்டு பாய்வதைக் கண்டவர்களுக்கு, ஆயிரக்கணக்கான துணிக்கைகள் ஒரு பாய்மமாக இயங்குவது விளங்காத செய்தியன்று. ஜெனீவாவுக்கு அருகே, 27 கிலோமீற்றர் சுற்றளவுள்ள மோதுவியில் இதனை ஆராயும் அலிஸ் பரிசோதனைக்கு, ஒளித்துணிக்கைகளை எண்ணும் உணர்கருவி ஒன்றை இந்திய விஞ்ஞானிகள் அமைத்துக் கொடுத்தனர்.

அதே மோதுவியில் இயங்கும் சீ.எம்.எஸ். பரிசோதனை, நூற்றுக்கு மேற்பட்ட துணிக்கைகள் பிறந்த புரோத்தன் மோதல்களிலும் இத்தகைய கூட்டுத் தொடர்பு தென்படுவதை 2010 செப்டெம்பரில் அறிவித்தது. இரு புரோத்தன்கள் மட்டுமே மோதும் அத்துணைச் சிறிய இடத்தில் பாய்மம் உருவாகிறதா என்னும் விவாதம் இன்னும் முடிவுறவில்லை.