நான்காம் நிலை என்றால் முடிவா?

என் சாச்சிக்கு நிணநீர்ப் புற்றுநோய், அதுவும் நான்காம் நிலை என்றதும் வீட்டில் எல்லோரும் கலங்கினார்கள். இந்நோயில் நிலையை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது என்று வைத்தியர் எனக்கு விளக்கினார்.

நோயுறுபவை நிணநீர்க் கலங்கள். அவை இயல்பாகவே உடலெங்கும் உலவுபவை. மருந்தும் குருதியோடு எங்கும் சென்று சேரும். ஹொட்ஜ்கின் வகையில் நான்காம் நிலையிலும் பெரும்பாலானோர் குணமடைகிறார்கள். சாச்சிக்கு வந்தது இவ்வகையே, சிகிச்சை நடக்கிறது.

ஏனையவற்றுள் வேகமாக வளரும் பொதுவான வகையிலும் பாதிக்கு மேற்பட்டோர் முற்றாகக் குணமடைகிறார்கள். மெதுவாக வளர்பவை திரும்ப வரக்கூடும். ஆயினும் பலர் பல்லாண்டு வாழ்கிறார்கள். 60 வயதைக் கடந்தோருக்கும் உடல் தளர்ந்தோருக்கும் சிகிச்சை சற்றுக் கடினம்.

ஆகவே, “எத்தனையாம் நிலை?” என்பதோடு, “எந்த வகை?” என்றும் வைத்தியரிடம் கேளுங்கள்.