பெல்ட் இழுக்கும் ஷாஃப்ட்டுக்கு எந்த பேரிங்?

நீளக் கைப்பிடி வைத்த இரும்பு வாணலி நிறையத் தண்ணீர். இரண்டு கைகளாலும் தூக்கிப் பாருங்கள். வாணலியை ஒட்டிப் பிடித்த கை பாரத்தைத் தாங்குகிறது. பிடியின் கடைசியில் உள்ள கை தூக்குவதே இல்லை. நுனி எம்பாதபடி கீழே அமுக்குகிறது. அந்த அமுக்கத்தையும் சேர்த்து முதல் கைதான் சுமக்க வேண்டும்.

பெல்ட்டில் ஓடும் ஷாஃப்ட்டும் இப்படித்தான். புல்லிதான் வாணலி, ஷாஃப்ட்தான் பிடி, இரண்டு பேரிங்குகள்தான் இரண்டு கைகள். பாரம் என்பது பெல்ட்டின் இழுப்பு.

5 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 1,440 சுற்று, 100 மி.மீ. புல்லி என்று வைத்துக்கொள்வோம். சுழற்றும் விசை சுமார் 50 கிலோ. ஆனால் பெல்ட்டின் தளர்ந்த பக்கமும் சும்மா இருப்பதில்லை, அதுவும் இழுக்கிறது. வி-பெல்ட்டில் இரண்டும் சேர்ந்தால் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, அதாவது 75 கிலோ. பேரிங்குகளுக்கு நடுவே 150 மி.மீ., புல்லி 50 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்றால், பின் பேரிங்கில் எதிர்த்திசையில் 25 கிலோ. முன் பேரிங்கில் 100 கிலோ! பெல்ட் இழுப்பதைவிட அதிகம்.

பால் பேரிங்கில் பாரம் இரட்டித்தால் ஆயுள் எட்டில் ஒன்றாகிவிடும். 25 மி.மீ. ஷாஃப்ட்டுக்கான 6205 பேரிங், இந்த 100 கிலோவில் 30,000 மணி நேரத்துக்கு மேல் ஓடும். நூற்றுக்குத் தொண்ணூறு பேரிங்குகள் அதையும் தாண்டும் என்பது கணக்கு. இப்போது புல்லியை 25 மி.மீ. உள்ளே தள்ளிப் பூட்டுங்கள். பாரம் 87.5 கிலோவாகக் குறைகிறது, ஆயுள் ஒன்றரை மடங்காகிறது. காசு செலவில்லை. அதனால்தான் பெரிய நம்பர் பேரிங் தேடிக் கடைக்குப் போகுமுன் புல்லியின் இடத்தைப் பார்க்கச் சொல்கிறேன்.

பெல்ட் பக்கவாட்டில்தான் இழுக்கிறது, ஷாஃப்ட்டின் நீளவாக்கில் தள்ளுவதில்லை. ஆகவே த்ரஸ்ட் பேரிங் வேண்டாம், சாதாரண பால் பேரிங் போதும். வெல்டிங் செய்த ஃபிரேமில் இரண்டு இருக்கைகளும் நேர்கோட்டில் அமைவது கடினம். அங்கே யூசிபி 205 போன்ற பிளம்மர் பிளாக் நல்லது. அதன் பேரிங் கூட்டுக்குள் சற்றுச் சாய்ந்து ஷாஃப்ட்டோடு ஒத்துப்போகும்.

இழுப்பு எப்போதும் ஒரே திசையில், சுற்றுவதோ ஷாஃப்ட். எனவே உள்வளையம் ஷாஃப்ட்டில் இறுக்கமாக உட்கார வேண்டும். லூசாக இருந்தால் அது மெல்ல நழுவிச் சுற்றும். கழற்றும்போது செம்பழுப்புத் தூளும் தேய்ந்து பளபளக்கும் ஒரு பட்டையும் தெரியும். பிளம்மர் பிளாக்கில் அந்தப் பிடிப்பைத் தருவது கிரப் ஸ்க்ரூ. வெளிவளையத்தை ஒரு பக்கம் மட்டும் அசையாமல் பூட்டி, மறுபக்கம் நகர இடம் விடுங்கள். சூட்டில் ஷாஃப்ட் நீளும்.

புது பெல்ட் முதல் சில மணி நேரத்தில் கொஞ்சம் நீளும். அதை நினைத்து முன்கூட்டியே முறுக்கேற்ற வேண்டாம். வழுக்காத அளவுக்கு இறுக்கி, ஓட்டிப் பார்த்து, மறுபடி ஒரு தடவை சரிசெய்யுங்கள்.