புகைபோக்கிகளும் பூநாரைகளும்

ராயபுரம், தண்டையார்ப்பேட்டை, திருவொற்றியூர் என்று கடலை ஒட்டியே வடக்கு நோக்கிச் செல்லும் சாலை எண்ணூரில் போய் ஓய்கிற இடத்துக்குச் சற்று அப்பால், கொசஸ்தலை ஆறு வங்கக் கடலோடு கலக்கும் முகத்துவாரம் இருக்கிறது. அதற்கு வடக்கே, கிழக்கில் சமுத்திரமும் மேற்கில் உப்பங்கழியும் பக்கிங்ஹாம் கால்வாயுமாக, பழவேற்காடு வரையில் நீண்டு கிடக்கும் மணல் நிலத்தைக் காட்டுப்பள்ளித் தீவு என்கிறார்கள். இந்த மணல் நிலத்திலும் கழிமுகத்தின் கரைகளிலுமாக, இரண்டு துறைமுகங்களும், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையும், அனல்மின் நிலையங்களும் நெருக்கி உட்கார்ந்திருக்க, அவற்றின் புகைபோக்கி நிழலிலேயே கூழைக்கடாவும் பூநாரையும் பச்சை நண்டும் மடவை மீனும் ஒண்டுக்குடித்தனம் நடத்தி வருகின்றன.

குடித்தனக்காரர்களில் வலியவர்கள் ஒரே நாளில் வந்தவர்கள் அல்ல. 450 மெகாவாட் சக்தியுள்ள பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-இல் தொடங்கி 2017-இல் மூடப்பட்டது. வட சென்னை அனல்மின் நிலையம் 1994 முதல் படிப்படியாக வளர்ந்து, 630 மெகாவாட்டோடு 1,200-ம், 2024-இல் மேலும் 800-ம் சேர்த்துக்கொண்டது. வல்லூர் நிலையத்தின் சக்தி 1,500. இவற்றுக்கு வேண்டிய நிலக்கரியை இறக்குவதே பிரதான நோக்கமாக எழுந்த எண்ணூர்த் துறைமுகம் 2001-இல் திறக்கப்பட்டு, இன்று காமராஜர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மின்சார நிலையமும் வனஜீவிகளும் ஓரிடத்தில் வாழ்வது உலகத்தில் புதுமையன்று. இங்கிலாந்தின் கென்ட் மாகாணத்தில், கூழாங்கற்களாலான டஞ்ஜனஸ் என்ற கடல்முனையில் இரண்டு அணுமின் நிலையங்கள் எழுந்தன. பக்கத்திலேயே புகழ் பெற்ற பறவைகள் சரணாலயம். நிலையங்கள் கடலில் விட்ட வெந்நீர் கொப்பளித்து எழும் இடத்தைத் தேடிக் கடற்காகங்களும் ஆலாக்களும் கூட்டம் கூட்டமாக வந்து இரை பொறுக்கின. அமெரிக்காவின் ஃப்ளாரிடாவிலோ, கடற்பசுவின் இனத்தைச் சேர்ந்த மானட்டி என்னும் பருத்த பிராணி, இருபது பாகை செல்சியஸுக்குக் குறைந்த தண்ணீரில் நெடுநாள் தங்கமாட்டாததால், குளிர்காலத்தில் டாம்பா விரிகுடாவின் மின் நிலையக் கால்வாயில் அடைக்கலம் புகுகிறது. அதைப் பார்க்கவென்றே மக்கள் பிரயாணம் செய்கிறார்கள். இத்தகைய செய்திகளைப் படித்துவிட்டு, எண்ணூரில் பூநாரையைப் படம் பிடித்து வந்து, "பார்த்தீர்களா, இங்கும் ஒரு குறையும் இல்லை" என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. அந்த முடிவோடுதான் எனக்கு வழக்கு.

நிலக்கரி எரிந்து தரும் உஷ்ணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாகிறது. சுழலியைச் சுற்றிவிட்டு வெளிவரும் நீராவியை மறுபடியும் தண்ணீராக்கிக் கொதிகலனுக்கு அனுப்ப வேண்டியிருப்பதால், எஞ்சிய உஷ்ணத்தில் பெரும்பகுதியைக் குளிர்விக்கும் நீர் ஏந்திக்கொண்டு வெளியேறுகிறது. நேராகக் கடல்நீரை இறைத்துக் குளிரவைக்கும் முறையில், அந்நீரோடு இழுபட்டு வரும் மீன்முட்டைகளும் இறால் குஞ்சுகளும் குழாய்களுக்குள் என்ன பாடுபடும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கடற்கரையில் அமையும் புதிய நிலையங்கள், வெளியே விடும் நீரால், அதை ஏற்கும் நீர்நிலையின் சூடு இயல்பைக் காட்டிலும் ஏழு பாகைக்கு மேல் ஏறலாகாது என்பது நம் நாட்டு விதி.

ஏழு பாகை என்பது குளிர்ந்த கடலில் தானமாக இருக்கலாம். கோடையில் தானாகவே முப்பது பாகையைத் தாண்டும் எண்ணூர்க் கழியில் அது தண்டனை. நீர் சூடேற ஏற, அதில் கரைந்து நிற்கக்கூடிய பிராணவாயு குறைகிறது. இருபத்தெட்டிலிருந்து முப்பத்தைந்து பாகைக்குப் போனால் சுமார் பத்தில் ஒரு பங்கு போய்விடும். அதே வேளையில், குளிர்ந்த இரத்தமுடைய ஜீவன்களின் உடலியக்கம் விரைந்து, பிராணவாயுவின் தேவையோ கூடுகிறது. வரவு குறையும்போதே செலவு ஏறுகிறது. அதிலும் உஷ்ணப் பிரதேசத்து மீனும் இறாலும், தாங்கக்கூடிய உச்ச வரம்புக்கு அருகிலேயே எப்போதும் வாழ்பவை.

இனிச் சாம்பலுக்கு வருவோம். நம் நாட்டு நிலக்கரியின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சாம்பல். அதைத் தண்ணீரில் குழைத்துக் குழாய் வழியாகச் செப்பாக்கத்துச் சாம்பல் குளத்துக்குத் தள்ளுகிற வழக்கத்தில், குழாய் விரிசல் விட்ட போதெல்லாம் அந்தக் குழம்பு கழியில் இறங்கிவிட்டது. கழியின் இயற்கைச் சேறு கறுப்பு. கையில் பிசுக்கென்று ஒட்டும். கெட்ட முட்டையின் நாற்றம் அடிக்கும். அந்த நாற்றம் அதற்கு உயிருண்டு என்பதன் அடையாளம். சாம்பல் படிந்த சேறோ வெளுத்த நிறத்தில், காய்ந்தால் சிமெண்டைப் போல உதிரும். உருப்பெருக்கியில் வைத்தால் தலைமயிரினும் நுண்ணிய கண்ணாடி உருண்டைகளாகத் தெரியும். வெண்கண்டல் மரம் சேற்றுக்கு மேலே விரல் விரலாக நீட்டும் மூச்சுவேர்களின் நுண்துளைகளை இந்தத் தூசு மூடினால் மரத்துக்கு மூச்சு முட்டுகிறது.

இடுப்பளவு நீரில் அமர்ந்து, பனையோலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, சேற்றை உள்ளங்கையால் தடவித் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கும், காட்டுக்குப்பம் போன்ற கரையூர்களின் மீனவர்களுக்கும், கழியில் ஆழம் போய்விட்டது என்பது நெடுநாளைய முறையீடு. 2022-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, படிந்த சாம்பலை அகற்றிக் கழியைச் சீர்செய்யும்படி உத்தரவிட்டதும் இதன் தொடர்ச்சியே.

ஆழம் குறைவது எல்லா ஜீவனுக்கும் நஷ்டமன்று என்பதுதான் இதில் விசித்திரம். நெடுங்கால் ஊன்றி, தலையைக் கவிழ்த்து, அலகுச் சல்லடையால் நுண்ணுயிர்களை வடித்து உண்ணும் பூநாரைக்கு முழங்காலளவு உவர்நீரே சுகம். ஓடை தூர்ந்து திட்டானால் படகுக்காரன் பிழைப்பை இழப்பான்; பறவைக்கு நிற்க இடம் பெருகும். ஆகவே, சிவந்த சிறகுகளின் எண்ணிக்கையை மாத்திரம் கொண்டு கழியின் ஆரோக்கியத்தை நிச்சயிப்பது, என் அபிப்பிராயத்தில், விஞ்ஞானமாகாது. கூழைக்கடா இதைவிட நேர்மையான சாட்சி. அதற்கு மீன் வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணெய் இறங்கியபோது, இறகில் பிசின் போல் அப்பிய கறுப்போடு அந்தப் பறவைகளை ஊரெல்லாம் படங்களில் பார்த்தது. எண்ணெய் பட்ட இறகின் நுண்கொக்கிகள் ஒன்றோடொன்று பிணைய மாட்டா. தண்ணீர் தோலை எட்டும். அலகால் கோதிச் சுத்தம் செய்யப் போனால் நஞ்சு வயிற்றுக்குள் போகும்.

பறவைகளை எண்ணுவதோடு வேறு சிலவற்றையும் எண்ண வேண்டும்: சேற்றுப் புழுக்கள், கண்டல் கன்றுகள், ஓடையின் ஆழம், நீரின் பிராணவாயு. கடைசியாகச் சொன்னதற்குப் பொழுதும் முக்கியம். பகலெல்லாம் பாசிகள் பிராணவாயுவை வெளியிட, இரவெல்லாம் சகல ஜீவன்களும் அதைச் செலவிடுவதால், அதன் அளவு விடியுமுன் அடித்தட்டுக்கு இறங்குகிறது; மீன் செத்து மிதப்பது பெரும்பாலும் அந்நேரத்தில்தான். நண்பகலில் புட்டியில் பிடித்த நீர் எவ்வளவு நல்ல கணக்குக் காட்டினாலும், முதல் நாள் விடியற்காலையில் நடந்ததை அது சொல்லாது.