வேர்முடிச்சுப் பாக்டீரியாவின் உணவு

பயறு விளைந்த நிலம் வளம் பெறும் என்பது குடியானவர்கள் நெடுங்காலமாக அறிந்த உண்மை. இவ்வளத்திற்குக் காரணம் அச்செடிகளின் வேர்முடிச்சுகளே என்பதை ஜெர்மனி தேசத்து ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்னும் அறிஞர்கள் 1886-ஆம் ஆண்டில் அறிவித்தனர். 1888-இல் ஹாலந்து தேசத்துப் பெய்ஜரிங்க் என்பவர் முடிச்சினுள் வாழும் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். ரைசோபியம் எனப்படும் இந்நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றிச் செடிக்கு உதவுகின்றது.

இவ்வேலைக்கு மிகுந்த சக்தி வேண்டும். அதற்குரிய உணவைச் செடியே அளிக்கின்றது. அவ்வுணவு இலையில் உண்டாகும் சர்க்கரைதானா, அன்றி வேறொன்றா என்பது ஆராயப்பட வேண்டியதாயிற்று.

ஆராய்ச்சி முறை

பல மடைகளுள்ள வாய்க்காலில் எம்மடை எவ்வயலுக்குப் பாய்கிறது என்றறிய, ஒரு மடையை அடைத்து எவ்வயல் காய்கிறது என்று பார்ப்பதுண்டு. விஞ்ஞானிகள் கையாளும் முறையும் இத்தகையதே. உயிரின் ஒவ்வொரு செயலும் ஜீன் என்னும் பரம்பரைக் கூறுகளால் நடைபெறுகின்றது. குதிரை மசாலில் முடிச்சிடும் பாக்டீரியாவில் ஏறக்குறைய 6,200 ஜீன்கள் உள்ளன என 2001-இல் கணக்கிடப்பட்டது. இவற்றுள் ஒன்றன் நடுவே வேறொரு துண்டைச் செருகினால் அந்த ஒரு ஜீன் மட்டும் செயலிழக்கும். செருகும் துண்டு ஒரு மருந்தை எதிர்க்கும் ஆற்றல் தருவதாயின், அம்மருந்து கலந்த ஊட்டத்தில் மாற்றம் பெற்றவை மட்டுமே பிழைக்கும். பின்னர் அவற்றை வெவ்வேறு உணவில் வளர்த்து, எதில் வளர்ச்சி குன்றுகிறது என்று காண்பர்.

கண்ட முடிவு

சர்க்கரையை உபயோகிக்கும் வழியை இழந்த சில பாக்டீரியாக்கள் முடிச்சினுள் வழக்கம்போல் நைட்ரஜனைச் சேர்த்தன. ஆனால் மாலிக், சக்சினிக் முதலிய அமிலங்களை உட்கொள்ள இயலாதவை, சர்க்கரையில் நன்கு வளர்ந்தும், செடிக்குப் பயன்படவில்லை. ரான்ஸன் முதலியோர் 1981-இல் வெள்ளைக் குளோவர்ச் செடியில் இதனைக் காட்டினர்: முடிச்சுகள் தோன்றின, நைட்ரஜன் சேரவில்லை. இவ்வமிலங்களை உள்ளே கொணரும் ஜீன்களை 1984-இல் பிரித்தெடுத்து, குறையுள்ள பாக்டீரியாவிற் சேர்த்தபோது இழந்த ஆற்றல் மீண்டது. எனவே குறைக்குக் காரணம் அந்த ஜீன்களே என்பது உறுதியாயிற்று. இலையின் சர்க்கரை முடிச்சில் அமிலமாக மாறியே பாக்டீரியாவுக்கு உணவாகின்றது.

சாகுபடியில் கவனிக்க வேண்டுவன

முடிச்சுகளின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் திருப்தியடைதல் கூடாது. பூக்கும் தருணத்தில் செடியைப் பிடுங்காமல் மண்ணோடு தோண்டியெடுத்து, வேரைக் கழுவி, முடிச்சுகளை அறுத்துப் பார்க்க வேண்டும். உட்புறம் இளஞ்சிவப்பாயின் அவை வேலை செய்கின்றன; வெளுத்தோ பசுமையாகவோ இருப்பின் பயனில்லை.

முடிச்சின் உணவு இலையிலிருந்தே வருவதால், களை மூடி வெயில் மறைக்கப்பட்ட பயிரில் பாக்டீரியாவும் பட்டினி கிடக்கும். காலத்தே களையெடுத்தல் இதற்காகவும் அவசியம். தழைச்சத்து உரத்தை மிகுதியாக இட்டால் முடிச்சு உண்டாவது குறையும்.

அந்தந்தப் பயிருக்குரிய ரைசோபியத்தைக் காலாவதித் தேதி பார்த்து வாங்கி, ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதையிற் பூசி, நிழலில் உலர்த்தி அன்றே விதைத்தல் நலம். வெயிலில் வைத்தால் நுண்ணுயிர் மடியும். கிராம அதிகாரிகள் இதனைக் குடிகளுக்கு எடுத்துரைத்து, ஓரிரு வயல்களில் முடிச்சை அறுத்துக் காட்டுவாராயின் உண்மை எளிதில் விளங்கும்.